வெந்நீர் முளைப்பாரி

நம் வயசுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு முழங்கால் வலியில் ஆரம்பித்து, மாத்திரைக்குப் போய், கடைசியில் குளிரில் வந்து நிற்கும். "அந்தக் காலத்துக் குளிர் இப்போ எங்கே இருக்கு" என்று யாராவது பெருமூச்சு விடுவார்கள். நானும் தலையாட்டுவேன். ஆனால் எனக்கு அந்தக் காலத்துக் குளிர்மேல் பாசம் எதுவும் கிடையாது. பத்து வயசில் என் பத்து விரலையும் வீங்க வைத்த குளிர் அது. ஒரே ஒரு தடவை அதை நான் ஜெயித்தேன். அந்தக் கதையைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நாங்கள் கப்பலில் வந்து இறங்கி, முகாமில் கிடந்து, மஞ்சூர் பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டே இந்த மலைக்கு ஏறி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இலங்கையில் நாங்கள் இருந்த தோட்டம் தாழ்ந்த மலை. தேயிலைக்கு நடுவே பலா காய்க்கும், பாக்கு மரம் நிற்கும். இங்கே வந்து பார்த்தால் புல்லெல்லாம் வெள்ளை. முதல் நாள் காலையில் என் தம்பி அதைச் சீனி என்று நினைத்து நக்கிப் பார்த்தான். லயத்தில், அதாவது தோட்டத்து ஆட்களின் வரிசை வீட்டில், எங்களுக்கு ஒரு காம்பரா கொடுத்தார்கள். ஒரே அறை, முன்னால் ஒரு துண்டுத் தாழ்வாரம். அதற்குள் அப்பா, அம்மா, நான், இரண்டு தம்பிகள், அப்புறம் அத்தை.

அத்தை அப்பாவுக்கு அக்கா. எங்களை இந்தியாவுக்கு அனுப்பிய காகிதத்தில் அவளுடைய புருஷன் பெயர் எப்படியோ விட்டுப்போய், மாமா அங்கேயே தங்கிவிட்டார். வருகிறேன், வருகிறேன் என்று கடிதம் மட்டும் வரும். கழுத்தில் தாலி இருந்தும் அத்தையை நல்ல காரியங்களில் முன்னே நிற்க விட மாட்டார்கள். கப்பலில் வரும்போது இடுப்பில் அடிபட்டதால் கூடை தூக்கிச் சரிவில் ஏற அவளால் முடியாது. தோட்டத்துப் பேரேட்டில் அவள் பெயரும் இல்லை. எங்கள் அறையில் ஒட்டிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். எனக்கு உலகத்திலேயே பிடித்த ஆள் அவள். எனக்குப் பேன் பார்ப்பதும், இல்லாத கதையெல்லாம் சொல்வதும் அவள்தான்.

மாசி மாசம் மாரியம்மனுக்கு முதல் திருவிழா வைப்பது என்று லயத்தில் முடிவானது. இந்த மண்ணில் எங்களுக்கு முதல் திருவிழா. அப்படியென்றால் முளைப்பாரி போட்டாக வேண்டும். வீட்டுக்கு ஒரு சட்டி, மொத்தம் பதினான்கு. லயத்தின் கோடியில் காலியாகக் கிடந்த ஒரு காம்பராவை அதற்கு ஒதுக்கினார்கள். சட்டியில் எருவும் மண்ணும் வைக்கோலும் போட்டு, ஊறவைத்த நவதானியத்தைத் தூவி, இருட்டறையில் வைத்துத் தண்ணீர் தெளித்து வளர்க்க வேண்டும். பதினோராம் நாள் தலையில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போய், கும்மி கொட்டி, ஓடையில் கரைக்க வேண்டும். பயிர் எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்ல வருஷம். அங்கே எங்கள் தோட்டத்தில் மூன்றாம் நாளே பச்சைப்பயறு கண் திறந்துவிடும். ஏழாம் நாள் ஒரு சாண் நிற்கும்.

பயறு வாங்க அப்பாவோடு மஞ்சூருக்கு நானும் போனேன். கடைக்காரர் கோயமுத்தூர்ப் பக்கத்து மனுஷர். எதற்கு இவ்வளவு தினுசு என்று கேட்டுவிட்டு, "ஏனுங்க, இந்தக் குளுருல பயறு எங்கீங்க மொளைக்கும்? கிழங்கு போட்டீங்கன்னா வரும்" என்றார். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் அம்மன் சக்தி அவருக்குத் தெரியாது என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

முளைப்பாரியைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி விரதம் இருக்க வேண்டும். ஒரு வேளைதான் சாப்பாடு. தினம் மூன்று தடவை பச்சைத் தண்ணீரில் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் அந்த அறைக்குள் நுழையலாம். சாதாரணமாக இதற்குப் போட்டி இருக்கும். இந்தக் குளிரில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அத்தை, "நான் இருக்கேன்" என்றாள். மற்ற நேரமாக இருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். வேறு வழி இல்லாததால் ஒத்துக்கொண்டார்கள். அத்தை முகத்தில் அன்றைக்கு வந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

தண்ணீர் சுமக்க வயசுக்கு வராத பெண்பிள்ளை ஒன்று வேண்டும். அது நான். பள்ளிக்கூடத்துக்குப் பதினோரு நாள் லீவு என்றதும் குதித்தேன். குதித்தது தப்பு. தண்ணீருக்கு இருந்த சட்டம் அப்படி. சோலைக்காட்டு ஓரம் இருக்கிற ஊற்றில், யாரும் தொடுவதற்கு முன்னால் மொண்டு வர வேண்டும். வாயைத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். வழியில் குடத்தைக் கீழே வைக்கக் கூடாது. அம்மனுக்கு ஊற்றுகிற தண்ணீர் பிறந்த மேனிக்குப் பச்சையாக இருக்க வேண்டும். நின்ற தண்ணீர், எடுத்து வைத்த தண்ணீர், அடுப்பைப் பார்த்த தண்ணீர் எதுவும் ஆகாது.

அந்த ஊற்று இன்றைக்கும் இருக்கிறது, போனால் கையை விட்டுப் பாருங்கள். மொண்ட குடத்தின் பித்தளை விரலோடு ஒட்டிக்கொள்ளும். நடக்க நடக்க முதலில் விரல் வலிக்கும், அப்புறம் விரல் இருப்பதே தெரியாது. அறைக்குப் போனதும் அத்தை அதைக் கையால் அள்ளி அள்ளிப் பதினான்கு சட்டிக்கும் தெளிப்பாள். அவள் தலைமுடியிலிருந்து சொட்டும் தண்ணீர் முதுகில் வழியும். பல் தந்தியடிக்க அம்மனைக் கூப்பிடுவாள். மூன்றாம் நாளுக்குள் என் விரல்களெல்லாம் சிவந்து, வீங்கி, போர்வைக்குள் விட்டால் அரிப்பில் உயிர் போகும்.

நான்காம் நாள் ஆகியும் ஒரு பயறு அசையவில்லை. ஊறிய பயறு ஊறியபடியே மண்மேல் கிடந்தது. ஐந்தாம் நாள் காலை தலைவரம்மா வந்து பார்த்தாள். லயத்துத் தலைவருடைய சம்சாரம். மூக்குத்தி இரண்டு பக்கமும் மின்னும், நடந்தால் தாழ்வாரம் அதிரும். ஒவ்வொரு சட்டியாகக் குனிந்து பார்த்துவிட்டு, அத்தையை நேராகப் பார்த்துச் சொன்னாள். "சாமி சொல்லுது. கட்டுனவன் கூட இல்லாத கையில தானியம் கண்ணு முழிக்காது." தன் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். தன் வீட்டிலேயே தன் கையாலேயே தண்ணீர் தெளிக்கப் போகிறாளாம்.

அன்றைக்குச் சாயங்காலம் தலைவர் எங்கள் தாழ்வாரத்தில் வந்து உட்கார்ந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் பொண்டாட்டி பேச்சைத் தாண்ட மாட்டார். முளைப்பாரி வராவிட்டால் இந்த மலையை விட்டே போய்விடலாம் என்று பாதிப் பேர் பேசிக்கொள்கிறார்களாம். தெய்வக்குற்றம் யாரால் வந்தது என்று எல்லாரும் கேட்கிறார்களாம். சட்டி மொட்டையாக நின்றால் அத்தையைக் கீழே, திருச்சிப் பக்கம் மாமாவின் ஆட்களிடம் அனுப்பிவிட வேண்டும். அவர்கள் கருப்பா சிவப்பா என்றுகூட அத்தைக்குத் தெரியாது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மாதான் வாயைத் திறந்தாள். "சரிங்க" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக என் அம்மாவை நான் ரொம்ப வருஷம் மன்னிக்கவில்லை. ஆறு பேர் படுக்கிற அறையில் ஒரு பாய் மிச்சமாகட்டும் என்று நினைக்கிறாள் என்று நினைத்தேன்.

மறுநாள் விடியும்போது அத்தைக்குக் காய்ச்சல். கம்பளிக்குள் கிடந்து உதறினாள். எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. நான் வாயைக் கட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். ஊற்றின் ஓரத்துப் புல்லெல்லாம் கண்ணாடியாக இருந்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு லயத்துப் பக்கம் திரும்பும்போது விரல் வெடித்து ரத்தம் வந்தது. அழுதேன். வாய் கட்டியிருந்ததால் சத்தம் வரவில்லை.

எங்கள் காம்பராவுக்குப் பின்னால் மூன்று கல் வைத்து மூட்டிய அடுப்பில் வெந்நீர் அண்டா இருந்தது. தைல மர விறகு புகைந்துகொண்டிருந்தது. தண்ணீரில் ஆவி பறந்தது. யாரும் இல்லை. நான் நின்றேன். குடத்தைக் கீழே வைத்தேன். அங்கேயே முதல் சட்டம் உடைந்தது. குடத்திலிருந்து பாதியைக் கொட்டிவிட்டு, சொம்பால் வெந்நீரை மொண்டு ஊற்றினேன். தம்பியைக் குளிப்பாட்டும்போது அம்மா முழங்கையை விட்டுப் பதம் பார்ப்பாள். நானும் முழங்கையை விட்டுப் பார்த்தேன். இதமாக இருந்தது. பயறைப் பற்றி நான் ஒரு நிமிஷமும் நினைக்கவில்லை என்பதை இப்போது வெட்கமில்லாமல் ஒத்துக்கொள்கிறேன். என் விரலுக்குச் சுகமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அறைக்குப் போய் பதின்மூன்று சட்டிக்கும் தாராளமாகத் தெளித்தேன். தணலில் அண்டா ஆறாமல் இருந்ததால் மத்தியானமும் தெளித்தேன். சாயங்காலம் விரலுக்கு ஆசை கூடி ஒரு தடவை அதிகமாகவே தெளித்தேன். அம்மன் கண்ணைக் குத்தும் என்று பயமாகத்தான் இருந்தது. கண் போனாலும் விரல் பிழைக்கட்டும் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

இரண்டு நாள் இப்படிப் போயிற்று. ஒவ்வொரு விடியலிலும் அண்டா சூடாக இருந்தது. ஏன் என்று நான் யோசிக்கவில்லை.

எட்டாம் நாள் காலை கதவைத் திறந்ததும் வாசனை மாறியிருந்தது. மக்கின வைக்கோல் வாசனைக்குள் பச்சையாக ஒன்று. விளக்கைக் கிட்டே கொண்டுபோனேன். எல்லாச் சட்டியிலும் மண் விண்டிருந்தது. பயறெல்லாம் முதுகு வெடித்து, வெள்ளை வால் விட்டு, சிலது தலையையே தூக்கிவிட்டது. கத்த வேண்டும் போலிருந்தது, வாயில் துணி. கொண்டுவந்த தண்ணீரை அவசரமாகத் தெளித்துவிட்டு, ஓடிப்போய் அத்தையின் கையைப் பிடித்து இழுத்தேன். காய்ச்சல் விட்டிருந்தது, ஆனால் கால் தள்ளாடியது. வந்து பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் சட்டிக்குள் உள்ளங்கையை வைத்தாள், வைத்தபடியே இருந்தாள், அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"மண்ணு வெதுவெதுங்குது. என்னத்த ஊத்துன?"

துணியை அவிழ்த்துவிட்டுச் சொன்னேன். அந்த அறைக்குள் நான் பேசிய முதல் பேச்சு அது. அறை விழும் என்று கன்னத்தை இறுக்கிக்கொண்டு நின்றேன். அத்தை தரையில் உட்கார்ந்துவிட்டாள்.  அப்புறம் மெதுவாக, தனக்கே சொல்வது போலச் சொன்னாள். "அங்க ஊத்துத் தண்ணியே இந்தச் சூடுதானடி தாயி. அங்கத்து சட்டத்தத் தூக்கிட்டு வந்துட்டோம். அங்கத்து தண்ணியத் தூக்கிட்டு வரலயே."

அதற்குப் பிறகு அவள் ஒரு நிமிஷத்தை வீணாக்கவில்லை. அம்மனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டு மன்னிப்புக் கேட்டாள். சூடு ஏறினால் முளை வெந்துவிடும், முழங்கை பொறுக்கிற சூட்டுக்கு மேல் ஒரு சொட்டு கூடாது என்று எனக்குக் கறாராகச் சொன்னாள். சட்டிகளைச் சுற்றிச் சாக்கைக் கட்டினாள். நாளைக்கு ஐந்து தடவை, இளஞ்சூட்டில். வெளியே மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். மூன்று நாளில் அந்த இருட்டறைக்குள் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு காடு எழுந்தது. ஒரு சாண் இல்லை, பொய் சொல்ல மாட்டேன். ஐந்து விரற்கடை இருக்கும். ஆனால் நெருக்கமான பயிர், விரலை விட்டால் மண் தெரியாது.

பதினோராம் நாள் லயமே கோயில் முன்னால் கூடியது. துணி மூடிய சட்டிகளோடு பெண்கள் வரிசையாக நின்றார்கள். அறையைத் திறந்து சட்டியை எடுத்துக் கொடுக்கும்போதே பதின்மூன்று பேருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது, முகமெல்லாம் சிரிப்பு. தலைவரம்மா மட்டும் தன் வீட்டுச் சட்டியோடு வந்து வரிசையின் கடைசியில் நின்றாள். பூசாரி துணியை எடுக்கச் சொன்னார். ஒவ்வொரு சட்டியாகத் துணி விலக விலகக் குலவை ஏறிக்கொண்டே போனது. பதினான்காவது துணி விலகியதும் குலவை நின்றது. மொட்டை மண். ஊறிய பயறு மேலே கிடந்தது, முதல் நாள் போலவே.

எனக்கு உள்ளுக்குள் தவுல் வாசித்தது. அவள் சொன்ன கை எந்தக் கை என்று இப்போது ஊரே பார்க்கட்டும் என்று இருந்தது. அத்தை சும்மா நின்றிருந்தால் போதும், முழு ஜெயம் அவளுக்கு. தலைவரம்மாவின் அந்தப் பெரிய உடம்பு சுருங்கிக்கொண்டே போனது. பக்கத்தில் நின்ற பெண்கள் ஒரு அடி விலகினார்கள். அத்தையிடமிருந்து அவர்கள் எப்போதும் விலகி நிற்கிற அதே ஒரு அடி.

அத்தை வரிசையிலிருந்து வெளியே வந்தாள். நேராக அவளிடம் போய், அந்த மொட்டைச் சட்டிக்குள் கையை வைத்தாள். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "அக்கா, இது சாகல. குளுந்துபோய்ப் படுத்துக் கெடக்கு. வெந்நி ஊத்துங்க, ரெண்டு நாள்ல எந்திரிச்சுரும். நாங்க வெந்நிதான் ஊத்துனோம்."

 சத்தியம் வாங்கினவளே போட்டு உடைத்துவிட்டாள். பூசாரி அம்மனுக்கா வெந்நீர் என்று கேட்டார். குரலில் கோபத்தைவிடப் பயம்தான் இருந்தது. யாரோ பின்னால் தெய்வக்குற்றம் என்று ஆரம்பித்தார்கள்.

அத்தை அவர் பக்கம் திரும்பினாள். "பச்சப் புள்ளைக்குப் பச்சத்தண்ணி ஊத்துவோமாண்ணே? இதுவும் நேத்துப் பொறந்ததுதானே."

 தலைவர் எழுந்து வந்தார். பதின்மூன்று சட்டியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்த்து முடித்து, சம்சாரத்தின் கையிலிருந்த மொட்டைச் சட்டியை வாங்கி, அத்தையின் கையில் வைத்தார்.  அது போதும். அத்தை கீழே போக வேண்டியதில்லை என்பது அந்தக் கைமாற்றத்தில் எல்லாருக்கும் புரிந்தது. அப்பா தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு நான் கொட்டிய கும்மியில் வீங்கின விரல் மறுபடியும் வெடித்தது, எனக்கு வலிக்கவேயில்லை.

இரண்டு நாள் என்று அத்தை சொன்னது கொஞ்சம் அளப்புதான். ஐந்து நாள் ஆயிற்று. இளஞ்சூட்டில் அந்தக் கடைசிச் சட்டியும் எழுந்து நின்றது. மற்ற பதின்மூன்றும் ஓடையில் கரைந்து போயிருந்தன. அதனால் தலைவரம்மா ஒற்றைச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இரண்டாவது ஊர்வலம் போனாள். மேளக்காரர் போய்விட்டதால் பையன்கள் மண்ணெண்ணெய் டின்னைத் தட்டினார்கள். முன்னால் யார் நடப்பது என்ற பேச்சு வந்தபோது, "தங்கச்சி முன்னால போகட்டும்" என்றாள் தலைவரம்மா. அத்தை தன் அடிபட்ட இடுப்போடு, தாலியை ரவிக்கைக்கு வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு, லயத்துக்கே முன்னால் நடந்தாள். அப்புறம் முப்பது வருஷம் அவளை யாரும் பின்னால் நிற்கச் சொல்லவில்லை. மாமா கடைசிவரை வரவில்லை. அது வேறு கதை.

அம்மா விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. இது எனக்குப் புரிய ஐம்பது வருஷம் ஆயிற்று. போன குளிர்காலம் குன்னூரில் என் வீட்டில் கீசர் கெட்டுப்போய், விடிகாலையில் அடுப்பில் வெந்நீர் வைத்தேன். அண்டாவில் ஆவி பறக்கும்போது திடீரென்று கேட்டுக்கொண்டேன், அன்றைக்கு அந்த அண்டாவை யார் ஏற்றினார்கள்? எங்கள் வீட்டில் குளியல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும்தான். விறகுக்கு அப்படி ஒரு பஞ்சம். பெரட்டுக்கு, அதுதான் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஓட வேண்டிய அம்மா, அதற்கும் முன்னால் இருட்டில் எழுந்து அடுப்பு மூட்டியிருக்கிறாள். பச்சைத் தண்ணீர் ஊற்றி ஊற்றி நடுங்கிக்கொண்டிருந்த நாத்தனாருக்காக. விரதக்காரியிடம் வெந்நீரில் குளி என்று வாயால் சொல்ல முடியாது. அதனால் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அத்தை அதைத் தொடவே இல்லை. நான்தான் தினம் திருடினேன். தண்ணீர் குறைவதைப் பார்த்து, அவள் குளிக்கிறாள் என்று அம்மா நினைத்துக்கொண்டு, மறுநாளும் ஏற்றியிருக்கிறாள். என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை, அத்தையிடம் ஒன்றும் சொல்லிக்காட்டியதில்லை. "சரிங்க" என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு அவளை எத்தனை வருஷம் மனசுக்குள் திட்டினேன். அடுப்படியிலேயே உட்கார்ந்து நன்றாக அழுதேன். அப்புறம் சிரிப்பும் வந்தது, அந்த அண்டாத் தண்ணீர் போய்ச் சேர வேண்டிய ஆளுக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது, வழி மட்டும் சுற்று.

இந்த மாசியில் திருவிழாவுக்குப் போயிருந்தேன். லயத்தில் டிஷ் ஆண்டெனா, வாசலுக்கு வாசல் பைக். முளைப்பாரி மட்டும் அப்படியே இருக்கிறது. முதல் நாள் காலை அந்தப் பழைய தலைவர் வீட்டுப் பேரன் ஒரு கட்டு விறகைத் தோளில் சுமந்து வந்து கோயில் முன்னால் போட்டான். முதல் வெந்நீர் தலைவர் வீட்டு விறகில்தான் காய வேண்டுமாம். பத்து வயசுப் பெண் ஒருத்தி வாயைக் கட்டிக்கொண்டு குடத்தைக் கொண்டுவந்து வைத்தாள். வெந்நீர் கலந்ததும் முழங்கையை உள்ளே விட்டுப் பார்த்துத் தலையாட்டினாள். இளவட்டங்கள் அதை செல்போனில் படம் எடுத்தார்கள்.

எதற்கு முழங்கையை விடுகிறாள் என்று ஒன்றும் தெரியாதவள் போல, விறகு சுமந்து வந்த அந்தப் பையனிடம் கேட்டேன்.

"அது ஐதீகம் பாட்டி" என்றான் பெருமையாக. "நம்ம அம்மன் சூடான ஊர்லருந்து வந்தவ. பச்சத்தண்ணி ஆகாது. எங்க பூட்டன் காலத்துல சிலோன்லருந்தே இப்படித்தான் செய்யுறோம். ஆயிரம் வருசப் பழக்கம்."

நான் வாயைத் திறக்கவில்லை. துணியால் கட்டியிருந்தால்கூட அவ்வளவு அடக்கமாக இருந்திருக்க மாட்டேன். என் கண்ணெதிரில் பதினான்கு சட்டிக்கும் வெதுவெதுப்பான தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அந்த ஆயிரம் வருஷப் பழக்கம் என்னைவிடப் பத்து வயசு சின்னது.